ஆறு வார்மர்களின் கோப்பு

எங்கள் கொள்முதல் பிரிவில் என்னைத் தையல்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மேசை இழுப்பறையில் ஊசியும் வெள்ளை நூலும் எப்போதும் வைத்திருப்பேன். கோப்பைத் துளைபோட்டுத் தைக்கிற பழக்கம் எங்கள் அலுவலகத்தை விட்டு இன்னும் போகவில்லை. ஆனால் பெயர் வந்தது அதனால் இல்லை. ஓட்டையுள்ள கோப்பை என் கையில் கொடுத்தால், ஓட்டை இருந்த இடமே தெரியாமல் திருப்பித் தருவேன். டெண்டர் பெட்டியைத் திறந்த அன்று யார் யார் இருந்தார்கள் என்ற தாளைக் காணோமா, எழுதிவிடலாம். மூன்று விலைப்புள்ளி வாங்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருக்கிறதா, மூன்றாவது ஏன் வரவில்லை என்று ஒரு குறிப்பு வைத்துவிடலாம். இதற்காக நான் யாரிடமும் கை நீட்டியதில்லை. கை நீட்டாதவன் நல்லவன் என்று நினைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தித் திரிந்த மடையன் நான்.

தெருவுக்கு அந்தப் பக்கம் அரசு ஆஸ்பத்திரி. அங்கே மூன்றாவது மாடியில், மாதம் நிறையாமல் பிறக்கிற குழந்தைகளின் வார்டுக்கு என் அக்காதான் தலைமை நர்ஸ். என்னை விட எட்டு வயது மூத்தவள். பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம். எங்கள் அம்மாவே அவளிடம் ஒரு காரியத்தைச் சொல்வதற்கு முன்னால் இரண்டு தடவை யோசிப்பாள்.

ஆஸ்பத்திரியின் ஸ்டோர் எங்கள் கட்டடத்தில் இருந்தது. சோப்பு, விரிப்பு, கையுறை, பஞ்சு எது வாங்கினாலும் வார்டின் பொறுப்பாளர் நேரில் வந்து ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். 'பெறுகை மற்றும் ஏற்புச் சான்று' என்று அதற்குப் பெயர். பத்து சோப்புக்கும் அதே படிவம், பெரிய மிஷினுக்கும் அதே படிவம். ஒரு கட்டி சோப்புக்காக மூன்று மாடி இறங்கித் தெருவைத் தாண்டி வந்து நிற்க எந்த நர்ஸுக்கு முடியும்? அதனால் எல்லா வார்டிலும் ஒரு வழக்கம் உண்டு. மாதப் பிறப்பில் பத்துப் பன்னிரண்டு வெற்றுப் படிவங்களில் கையெழுத்துப் போட்டு, வார்டு முத்திரையும் குத்திக் கொடுத்துவிடுவார்கள். பொருள் போகிற அன்று ஸ்டோரில் நிரப்பிக்கொள்வார்கள். அக்கா அவற்றைச் செய்தித்தாளில் மடித்து என்னிடமே கொடுத்துவிடுவாள், தம்பி கையில் இருந்தால் பத்திரம் என்று.

வார்மர்கள் வந்தது நான் சொல்லப்போகிற காரியத்துக்கு முந்தின வருடம். குறைமாதக் குழந்தைக்கு உடம்பில் சூடு நிற்காது. அதைப் படுக்கவைத்து மேலே இருந்து இதமாகச் சூடு கொடுக்கிற மிஷின் அது. வார்டில் பழசு இரண்டுதான் இருந்தது. ஒன்றில் குறுக்குவாட்டில் மூன்று குழந்தைகளைப் படுக்கவைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆறு புதிய வார்மர்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியபோது அக்கா சின்னப் பிள்ளை மாதிரி பின்னாலேயே போனாளாம். ஒவ்வொன்றிலும் ரப்பர் பையில் தண்ணீரை நிரப்பி வைத்து, தெர்மாமீட்டரைச் செருகி, ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஐந்து மிஷின் சூடாகவே இல்லை. ஆனால் முகப்பில் மட்டும் முப்பத்தாறரை என்று பச்சை எழுத்து நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. ஆறாவது மிஷின் தண்ணீரைக் கொதிக்கவைக்காத குறை.

அன்றைக்கே கடிதம் எழுதிவிட்டாள். ஆறையும் ஏற்க முடியாது, மாற்றித் தர வேண்டும் என்று. கம்பெனிக்காரன் முதலில் கெஞ்சினான், அப்புறம் முறைத்தான். எங்கள் இயக்குநர் போனில் கூப்பிட்டு, கையெழுத்தைப் போட்டுவிடுங்கள், பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம் என்றார். அக்கா அசையவில்லை. ஏற்புச் சான்று இல்லாதவரை கம்பெனி கட்டிய டெபாசிட் எங்களிடம்தான் இருக்கும். அது இருக்கிறவரை அவன் தலைமறைவாக முடியாது. இந்தக் கணக்கை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். பதினோரு மாதம் ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. மூன்று மாதத்துக்குள் ஆறையும் மாற்றித் தருவதாக எழுத்தில் கொடுத்தது. அன்றைக்கு அக்கா எனக்குப் போன் செய்து சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

அதே மாதம்தான் மதிப்பீட்டுக் குழு வந்தது. எங்களுக்குக் கடன் கொடுக்கிற வெளிநாட்டு நிறுவனம் அனுப்பிய குழு. எங்கள் அரசு பொருள் வாங்குகிற முறை எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது என்று மதிப்பெண் போடுவார்கள்; மதிப்பெண் நன்றாக இருந்தால் முறையைப் பலப்படுத்த மேற்கொண்டு உதவி உண்டு. ஆயிரக்கணக்கான கோப்புகளில் நாற்பதைக் கணினியே பொறுக்கி எடுத்தது. கணினிக்கு முகதாட்சண்யம் கிடையாது. வார்மர் கோப்பு அந்த நாற்பதில் ஒன்றாக வந்து நின்றது.

இயக்குநர் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"தையல்காரரே, முப்பத்தொன்பது கோப்பு சுத்தமா இருக்கு. இது ஒண்ணுதான் வாயைப் பிளந்துக்கிட்டு நிக்குது. ஏற்புச் சான்று இல்லை. என்ன பண்ணுவீங்களோ எனக்குத் தெரியாது."

எனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இருபது வருடமாக அந்த அர்த்தத்தில்தான் என் பிழைப்பு ஓடியது. என் இழுப்பறையில் அக்கா கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்கள் ஐந்து இருந்தன.

அவளைக் கேட்டிருக்கலாம். கேட்டால் மாட்டேன் என்பாள், அதனால்தான் கேட்கவில்லை. குழு போனதும் நூலை வெட்டிச் சான்றை எடுத்துவிடுவோம், இரண்டு நாள் கூத்துதானே என்று நினைத்துக்கொண்டேன். ஒரு படிவத்தை எடுத்து, கையெழுத்து வித்தியாசம் தெரியக் கூடாது என்று அச்சுப்பொறியில் கொடுத்து நிரப்பினேன். ஆறு வார்மர், நல்ல நிலையில், முழுமையாக இயங்குகின்றன. தேதியிலும் கவனமாக இருந்தேன். அக்காவின் மறுப்புக் கடிதத்துக்கும், மாற்றித் தருகிறேன் என்ற கம்பெனியின் கடிதத்துக்கும் பின்னால் வருகிற மாதிரி ஒரு தேதி போட்டேன். அந்த இரண்டு கடிதங்களையும் எடுத்துத் துணைக் கோப்பில் வைத்தேன். பக்க எண்களைத் திருத்தித் தைத்து முடித்தபோது எனக்குள் ஒரு திருப்தி இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

குழுவில் இருந்த அம்மாள் நரைத்த தலை, தடித்த கண்ணாடி. எங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார் என்று பயந்திருந்தோம். நல்ல மனுஷியாகத்தான் இருந்தார். ஒரு கோப்புக்கு இருபத்திரண்டு கேள்வி. விளம்பரம் வந்ததா, பெட்டி திறந்த தாள் இருக்கிறதா, ஏற்புச் சான்று இருக்கிறதா. மிஷின் சுடுகிறதா என்று அதில் ஒரு கேள்வி இல்லை. அது அவருக்கும் உறுத்தியிருக்க வேண்டும். வார்மர் கோப்பைப் பார்த்து முடித்ததும், ஆஸ்பத்திரி எதிரில்தானே இருக்கிறது, இந்த மிஷின்களைப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார்.

"கோப்புலயே எல்லாம் இருக்கு மேடம்" என்றேன் நான். "படம்கூட வச்சிருக்கோம்."

அவர் படத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். அன்றைக்கே இன்னும் இரண்டு அலுவலகம் போக வேண்டியிருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த கோப்பை எடுத்தார். தெருவைத் தாண்ட நாலு நிமிடம் ஆகியிருக்காது.

வார்மர் கோப்பு இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு வாங்கியது. நூலை வெட்ட எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. குழு கிளம்புவதற்கு முன்னால் நாற்பது கோப்பையும் ஸ்கேன் செய்து, பலப்படுத்தும் திட்டத்தின் முதல் படி என்று புதிதாக வந்த கணினி முறையில் ஏற்றிவிட்டார்கள். அதிலும் நிறைவான கோப்பு என்று இதைப் பொறுக்கி, மற்றத் துறைகளுக்கு மாதிரிக் கோப்பாக அச்சடித்துக் கொடுத்தார்கள். பயிற்சி வகுப்புக்கு என்னையே அனுப்பினார்கள். ஐம்பது அறுபது பேருக்கு முன்னால் நின்று, ஏற்புச் சான்று எப்படி இருக்க வேண்டும் என்று அக்காவின் கையெழுத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டி விளக்கினேன். எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

புதிய கணினி முறைக்கு மறதி கிடையாது. சான்றின் தேதியிலிருந்து நாள் எண்ணி, ஒரு காலையில் டெபாசிட்டைத் தானே விடுவித்துவிட்டது. அடுத்த வாரம் கம்பெனியிடமிருந்து மரியாதையான கடிதம் ஒன்று வந்தது. பொருள் ஏற்கப்பட்டுவிட்டது, மாற்றித் தரும் பேச்சு அதோடு முடிந்தது என்று. அந்த முகவரிக்கு நான் ஆள் அனுப்பியபோது பெயர்ப் பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். இயக்குநரிடம் ஓடினேன். மதிப்பெண் நன்றாக வந்திருக்கிறது, உதவி வந்ததும் ஆறு என்ன, இருபது வாங்கிப் போடலாம், வாயை மூடிக்கொண்டிருங்கள் என்றார். மூடிக்கொண்டேன்.

அக்கா வாரா வாரம் கேட்பாள், வார்மர் எப்போது வரும் என்று. வந்துகொண்டே இருக்கிறது என்பேன். சுங்கத்தில் நிற்கிறது என்றேன் ஒரு தடவை. இன்னொரு தடவை கப்பல் தாமதம் என்றேன். என் மனைவி அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கூடப் பிறந்த அக்காவிடமே இப்படி வாய் கூசாமல் பொய் சொல்கிறீர்களே, உண்மையைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அந்த நாளைக்கு நாலு மாதம் ஓடியது.

மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில் பழைய வார்மர் ஒன்று நின்றுபோனது. மிச்சமிருந்த ஒன்றில் நான்கு குழந்தைகள். ஐந்தாவதாக ஒன்று பிறந்தது, உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிதாக. அக்கா அதைப் பஞ்சில் சுற்றித் தாயின் நெஞ்சோடு கட்டி வைத்தாள். தாய்க்குக் காய்ச்சலும் நடுக்கமும் வந்தபோது தன் நெஞ்சோடு கட்டிக்கொண்டு வார்டு வேலை பார்த்தாள். மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்குக் குழந்தை குளிர்ந்துபோனது. தகப்பன் லாரி ஓட்டுகிறவன். வராந்தாவில் துணி போட்டு மூடியிருந்த ஆறு புதிய மிஷின்களை அவன் பார்த்துவிட்டான். இதை வைத்துக்கொண்டா என் பிள்ளையைக் குளிரில் விட்டீர்கள் என்று கேட்டான். அவன் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

குழந்தை இறந்ததைப் பற்றிய விசாரணை எங்கள் கட்டடத்தின் கூட்ட அறையில் நடந்தது. விசாரணை அதிகாரி ஓய்வுபெற்ற டாக்டர். நிதானமானவர், யாரையும் அதட்டாதவர். கோப்பைப் பற்றி ஏதாவது கேட்டால் சொல்ல வேண்டும் என்று என்னையும் ஓர் ஓரத்தில் உட்காரவைத்திருந்தார்கள். மேசை மேல் அழகாக அட்டை போட்ட மாதிரிக் கோப்பு இருந்தது. அவர் அதைத் திறந்து அக்காவின் பக்கம் திருப்பினார்.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?"

அக்கா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். மேலே எழுதியிருந்ததைப் படித்தாள். தேதியைப் படித்தாள்.

"ஆமா சார்."

"முத்திரையும் உங்க வார்டோடது?"

"ஆமா."

"அப்போ ஆறு மிஷினும் நல்லா ஓடுதுன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க."

அக்கா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கு அந்த இடத்திலேயே எல்லாம் புரிந்துவிட்டது. நான் எழுந்தேன். அந்தத் தாளை நிரப்பியது நான்தான், அவளுக்கு ஒன்றும் தெரியாது, சோப்புக்குக் கொடுத்த படிவத்தில் நான் வார்மரை எழுதிவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவர் கோபப்படவில்லை. இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். துணைக் கோப்பை எடுத்து அக்காவின் மறுப்புக் கடிதத்தையும், மாற்றித் தருகிறேன் என்ற கம்பெனியின் கடிதத்தையும் நீட்டினேன். அவர் அவற்றையும் சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மறுப்பு முதலில், மாற்றித் தருகிறேன் என்ற கடிதம் அதற்குப் பிறகு, ஏற்பு கடைசியில். நடுவில் கம்பெனிக்காரன் மாற்றிக் கொடுத்திருக்கிறான் என்றுதானே இதற்கு அர்த்தம் என்று கேட்டார். படிவத்தில் நான் கையால் எழுதியது ஏதாவது இருக்கிறதா என்றார்; அச்சுப்பொறியில் அடித்தேன் என்றேன். வராந்தாவுக்கு வந்து மிஷினைத் தொட்டுப் பாருங்கள், இப்போதும் சில்லென்று இருக்கிறது என்றேன். ஏற்றுக்கொண்ட பிறகு கெட்டுப்போயிருந்தால் அது வார்டு பராமரிப்பில் உள்ள குறை என்றார். இயக்குநருக்குத் தெரியும் என்றேன்; அவரைக் கேட்டபோது, அப்படி எதுவும் பேசியதாகத் தமக்கு நினைவில்லை என்றார் இயக்குநர். நான் தைத்த தையல் அவ்வளவு கெட்டியாக இருந்தது. எந்தப் பக்கம் இழுத்தாலும் பிரியவில்லை.

"கூடப் பிறந்தவங்க மேல இருக்கிற பாசம் எனக்குப் புரியுது" என்றார் அவர் என்னிடம், மெதுவாக.

அந்த அறையில் நான் உண்மை பேசியது என் வாழ்க்கையிலேயே அந்த ஒரு முறைதான். அதைப் பொய் என்று ஒரு நல்ல மனிதர் இரக்கத்தோடு நம்பினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவம் இன்னும் நாலு என் இழுப்பறையில் இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இப்ப இருக்கிறபடி எழுதினா, கவனக்குறைவு. வார்டை விட்டு மாத்துவாங்க, பதவி இறக்குவாங்க. வெற்றுப் படிவத்துல கையெழுத்துப் போட்டு வச்சிருந்தீங்கன்னு எழுதினா, வேலையே போயிடும். எதை எழுதட்டும்?"

"வெற்றுப் படிவம்னே எழுதுங்க சார்" என்றாள் அக்கா.

அவள் தொடர்ந்தாள்.

"அப்படி எழுதினா அந்தச் சான்று செல்லாதுல்ல? அப்போ ஆறு மிஷினையும் மாத்திக் கொடுத்துடுவாங்கல்ல?"

விசாரணை அதிகாரி என்னைப் பார்த்தார். கொள்முதல் விவகாரம், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்கிற பார்வை. அக்காவும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு மாதமாக நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டதை அத்தனை பேர் நடுவில் சொன்னேன்.

"இல்லைக்கா. டெபாசிட் போயிடுச்சு. கம்பெனியும் இல்லை. இனிமே வராது."

அவள் மாதிரிக் கோப்பை மூடி விசாரணை அதிகாரியின் பக்கம் தள்ளினாள்.

"அப்போ வேணாம் சார். இருக்கிறபடியே எழுதிக்குங்க" என்றாள்.

வெளியே வந்து மாடிப்படியில் அவளைப் பிடித்தேன். காலில் விழுந்திருப்பேன், அவள் விடவில்லை. என்னைத் திட்டுவாள், இரண்டு அறை விடுவாள் என்று காத்திருந்தேன். அப்படி ஏதாவது செய்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, வார்டில் புதிதாக வரப்போகிறவளுக்கு என்னென்ன சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று தனக்குத்தானே கணக்குப் போடுகிறவள் மாதிரி பேசினாள்.

"ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில பழைய வார்மர் ரெண்டு மிச்சம் இருந்துச்சுடா. நல்லா ஓடுற மிஷின். வேணுமான்னு போன் பண்ணிக் கேட்டாங்க. எங்களுக்குப் புதுசே ஆறு வருது, இல்லாத வார்டுக்குக் குடுங்கன்னு சொல்லிட்டேன்."

அவள் இதைக் கோபத்தோடு சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். இருபது வருடப் பழக்கம், அவர்கள் போன் செய்தது எந்தத் தேதியில் என்றுதான் கேட்டேன்.

அவள் தேதியைச் சொன்னாள். மாற்றித் தரும் பேச்சு முடிந்தது என்ற கம்பெனியின் கடிதம் என் கைக்கு வந்து அப்போது ஒன்பது நாள் ஆகியிருந்தது.